செந்துறையிலிருந்து சயாமுக்கு

எங்கள் தெருவில் எண்பத்தெட்டு வயது ஆயா ஒருவர் இருக்கிறார். சித்திரை, வைகாசி மாதங்களில் திண்ணையில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருப்பார். ஓட்டுப் பால் பட்டுப் பட்டு விரல்நுனிகள் கறுத்துப்போயிருக்கும். சயாமுக்குப் போகப்போகிறேன் என்று சொல்லப் போனபோது கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார்.

“சயாமுக்கா? எங்கப்பாவ அங்கதான் தம்பி கொண்டுபோனாங்க.”

அவருடைய அப்பா 1937-ல் மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர். அப்போது ஆயா கைக்குழந்தை. நாலு வருடம் கடுதாசியும் மணியார்டரும் வந்தன. 1942-க்குப் பிறகு எதுவும் வரவில்லை. சண்டை முடிந்து, அதே தோட்டத்தில் வேலை செய்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் திரும்பி வந்து, “சப்பான்காரன் ரயில்பாதை போட சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனான்” என்று மட்டும் சொன்னார். அவர் செத்ததைப் பார்த்தவர் எவரும் இல்லை. ஆயாவின் அம்மா தாலியைக் கழற்றவில்லை. கண்மூடும் வரை பொட்டு வைத்திருந்தார். இறந்த நாள் தெரியாததால் மாளய அமாவாசையன்று மட்டும் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள்.

நான் கிளம்பும்போது ஆயா ஒன்றே ஒன்று கேட்டார். “அங்க பேரெல்லாம் கல்லுல எழுதி வெச்சிருக்காங்களாமே. எங்கப்பா பேரு இருக்கான்னு பாத்துட்டு வா தம்பி.”

அந்தப் பெயரைத் தேடித்தான் இந்தப் பயணம் போனேன்.

செம்மண் நிலத்திலிருந்து

செந்துறை இன்று அரியலூர் மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகர். ஆயாவின் அப்பா கிளம்பிய காலத்தில் இந்தப் பகுதி பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் உடையார்பாளையம் தாலுகாவில் இருந்தது. ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டு நிலம். வரகும் கம்பும் கடலையும் வானம் பார்த்து விளைந்தன. மழை பொய்த்தால் கூலிக்கு வழியில்லை. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு என்று இந்தப் பக்கத்து மாவட்டங்களிலிருந்துதான் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் பெரும்பாலான ஆட்கள் போனார்கள். சொந்த ஊருக்கு வரும் கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கில் இறக்கம். மலாயாவுக்கு இப்படி உதவி கொடுத்துக் கூலிகளை அனுப்புவதை 1938-ல் இந்திய அரசு நிறுத்தியது. அதற்கு முந்தைய வருடம்தான் ஆயாவின் அப்பா போயிருந்தார்.

அரியலூரில் சென்னைக்கு ரயில் ஏறினேன். சிமெண்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைத் தாண்டி, செந்துறை ஸ்டேஷன் ஜன்னலோரம் வந்து மறைந்தது. செந்துறைக்குப் பக்கத்தில் பொன்பரப்பி என்று ஓர் ஊர் இருக்கிறது. நான் போகும் ஊரின் பெயர் காஞ்சனபுரி. காஞ்சனம் என்றால் பொன். பொன்பரப்பிப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு பொன்னூரில் குழி வெட்டியிருந்தார்கள்.

பாங்காக்: கோயிலில் எழுதிய ஒப்பந்தம்

பாங்காக் அரண்மனை வளாகத்திலுள்ள மரகத புத்தர் கோயிலுக்குக் காலையிலேயே போய்விட்டேன். பல வண்ண ஓடு வேய்ந்த கூரைகள், சுற்றுச்சுவர் முழுக்க ராமாயண ஓவியங்கள். அனுமன் பாலமாகக் கிடக்க, படை கடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

1941 டிசம்பர் 21 அன்று இந்தக் கோயிலில் வைத்துத்தான் தாய்லாந்தும் ஜப்பானும் ராணுவக் கூட்டணி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தாய்லாந்தின் சார்பில் கையெழுத்திட்டவர் பிரதமர் பிபூன் சொங்கிராம். ராணுவத்திலிருந்து வந்தவர், தன்னைப் பீல்டு மார்ஷல் ஆக்கிக்கொண்டவர். மக்கள் என்ன உடுத்த வேண்டும், வெளியே போனால் தொப்பி போட வேண்டும் என்பதைக்கூட ஆணை போட்டுச் சொன்னவர். சயாம் என்ற நாட்டின் பெயரை 1939-ல் தாய்லாந்து என்று மாற்றியதும் அவர் ஆட்சிதான். நம் ஊர் ஆட்களின் வாயில் அது கடைசிவரை சயாமாகவே இருந்தது.

இந்த ஒப்பந்தத்தின் வேர் பெர்லினில் இருக்கிறது. 1940 செப்டம்பர் 27 அன்று ஜெர்மனியும் இத்தாலியும் ஜப்பானும் அங்கே முத்தரப்பு உடன்படிக்கை செய்துகொண்டன. அச்சு நாடுகள் என்று உலகம் அழைக்கும் கூட்டணி அப்படித்தான் உறுதியானது. ஐரோப்பாவைப் புதிதாக ஒழுங்குபடுத்தும் தலைமை ஹிட்லருக்கும் முசோலினிக்கும், கிழக்காசியாவை ஒழுங்குபடுத்தும் தலைமை ஜப்பானுக்கும் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். கிழக்காசியாவில் வாழ்ந்த கோடிக்கணக்கானவர்களில் ஒருவரையும் கேட்டு அந்தத் தாள் எழுதப்படவில்லை. மலாயாவில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த செந்துறைக்காரனின் தலைவிதியும் அந்தத் தாளுக்குள் அடங்கிவிட்டது.

1941 அக்டோபரில் ஜப்பானின் பிரதமரானவர் ஜெனரல் ஹிடேகி தோஜோ. பிரதமரும் அவரே, ராணுவ அமைச்சரும் அவரே. கேள்வி கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே ஆளாகிவிட்ட ஆட்சியில் கேள்வியே எழாது. அதன் விலையை நான் அடுத்த மூன்று நாளும் பார்த்தேன்.

மூன்றாம் வகுப்புப் பெட்டி

பாங்காக்கின் தோன்புரி ஸ்டேஷனிலிருந்து நாம் தோக் வரை தினமும் இரண்டு வண்டிகள் ஓடுகின்றன. மூன்றாம் வகுப்பு மட்டும்தான். மரப் பலகை இருக்கைகள், மேலே சுழலும் மின்விசிறி, திறந்த ஜன்னல். ஆற்றுநீரும் கரும்பு வயலும் மரவள்ளிக் கொல்லையும் மாறி மாறி வந்தன. எதிர் இருக்கையில் மலேசியாவின் கெடா மாநிலத்திலிருந்து வந்த தமிழம்மா ஒருவர் இருந்தார். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர்.

“எங்க தாத்தாவும் சயாமுக்குப் போனவருதான் தம்பி. கித்தாக் காட்டுல, ரப்பர் தோட்டத்துல, வேல செஞ்சிட்டிருந்தவரு. அத்தைங்க சொல்லுவாங்க, சம்பளம் ஒரு வெள்ளி, அரிசி உண்டு, மூணு மாசத்துல திரும்பிடலாம்னு சொன்னாங்கன்னு.”

அவர் குடும்பத்தில் சொன்னதைத்தான் பிழைத்து வந்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்ததும் தோட்டத் துரைமார்கள் ஓடிவிட்டார்கள் அல்லது சிறைக்குப் போனார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை. தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. அந்த நேரத்தில் ஜப்பானியர் ஆள் கேட்டு வந்தார்கள். கொஞ்சம் பேர் பிழைப்புக்காகத் தாமாகப் போனார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் பயந்து பதுங்கியதும் பிடித்துப்போவது ஆரம்பித்தது. தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குக் கட்டிக் கேட்டார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கொட்டகையைச் சுற்றி வளைத்த கதைகள் மலேசியத் தமிழர் வீடுகளில் இன்றும் சொல்லப்படுகின்றன. கூலியாகக் கொடுத்தது ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டு. போர் முடிந்த அன்றே அது வெறும் காகிதம்.

எதற்காக இந்தப் பாதை? பர்மாவைப் பிடித்த ஜப்பானியப் படைக்கு ஆயுதமும் அரிசியும் சிங்கப்பூரைச் சுற்றிக் கடல் வழியாகப் போக வேண்டியிருந்தது. அந்தக் கடலில் நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்த பின் ஜப்பானின் கடல்பலம் ஆட்டம் கண்டது. தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் தரைவழிப் பாதை போட்டால் சிக்கல் தீரும் என்று முடிவெடுத்தார்கள். இதே வழியை அதற்கு முன் பிரிட்டிஷ்காரர்கள் ஆராய்ந்து, மலையும் காடும் காய்ச்சலும் மழையும் தாங்காது என்று விட்டுவிட்டார்கள். ஜப்பானியத் தலைமை அதை ஒன்றேகால் வருடத்துக்குள் முடித்தது. இயந்திரம் குறைவு. மனிதர்களைக் கொண்டு முடித்தது.

சுமார் 60,000 போர்க் கைதிகள் இதில் வேலை செய்தார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கச் சிப்பாய்கள். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர், சீனர் என்று ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000-லிருந்து 2,50,000 வரை இருக்கும் என்கிறார்கள். அவர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். வெள்ளைக்காரக் கைதியின் சாவுக்கு எண்ணிக்கை இருக்கிறது. நம் ஆளின் சாவுக்கு மதிப்பீடு மட்டும்தான் இருக்கிறது.

கல்லில் இருக்கும் பெயர்கள்

காஞ்சனபுரியில் இறங்கியதும் நேராகப் போர் இடுகாட்டுக்குப் போனேன். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். கத்தரித்த புல், வரிசை வரிசையாகத் தாழ்ந்த கற்கள், ஒவ்வொரு கல்லின் அடியிலும் ஒரு பூச்செடி. இங்கே கிடப்பவர்கள் 6,982 பேர். பெயர், படைப் பிரிவு, இறந்த நாள், வயது. வயது 22, 24, 31. சில கற்களில் தாயோ மனைவியோ எழுதச் சொன்ன ஒரு வரி. ஒரு கல்லின் முன் வயதான வெள்ளைக்காரப் பெண் ஒருவர் மண்டியிட்டு, ஈரத்துணியால் எழுத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அவர் மேல் பொறாமை வரவில்லை. அந்தப் பிள்ளைகள் பட்டதும் கொஞ்சமில்லை. ஆனால் ஆயா சொல்லியனுப்பிய பெயர் என் சட்டைப்பையில் இருந்தது. வரிசை வரிசையாக நடந்தேன். அது இருக்காது என்று தெரிந்தும் நடந்தேன். தோட்டத் தொழிலாளி யாருக்கும் இங்கே கல் இல்லை. இது படைவீரர்களின் இடுகாடு.

நம் ஆட்கள் அதிகமாகச் செத்ததற்குக் காரணம் உண்டு. கைதிச் சிப்பாய்களுக்கு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், கூடவே பிடிபட்ட டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கழிப்பிடத்தைத் தள்ளி வெட்டு என்று கட்டளையிட ஆள் இருந்தது. தோட்டத் தமிழர்கள் முகாமில் அப்படி ஒருவரும் இல்லை. சிலர் பெண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் மூங்கில் தட்டின்மேல் நெருக்கிப் படுத்தார்கள். 1943 மே, ஜூன் மாதங்களில் மழையோடு காலரா வந்தது. மலேரியாவும் சீதபேதியும் ஏற்கெனவே இருந்தன. காலில் ஒரு மூங்கில் கீறல் பட்டால் புண் எலும்புவரை போனது. நோயாளியைத் தனிக் கொட்டகையில் போட்டுவிட்டு மற்றவர்களை வேலைக்கு ஓட்டினார்கள். சாவு வேலையைக் கெடுக்கிறது என்று ஆன பிறகுதான், கைதிகளில் இருந்த மருத்துவர்களைக் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள்.

இந்த ஊரில் 1990-ல் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. பாதை போட வந்த ஆசியத் தொழிலாளர்களாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். யார் என்று சொல்ல ஒரு தகடுகூட அந்த எலும்புகளோடு இல்லை.

பாலமும் பாறையும்

க்வாய் ஆற்றுப் பாலத்தில் நாள் முழுக்கக் கூட்டம். 277-ஆம் எண் பாலம் அது. வளைந்த இரும்பு வளைவுகள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. நடுவே கட்டம் கட்டமாக இருக்கும் இரண்டு பகுதிகள் 1945 குண்டுவீச்சுக்குப் பிறகு போட்டவை. இந்தப் பாலத்தை உலகத்துக்குத் தெரியவைத்த ஆங்கிலப் படம் 1957-ல் வந்தது. அதை எடுத்தது இலங்கையில், களனி ஆற்றங்கரைக் கித்துல்கலவில். படம் முழுக்க வெள்ளைக்காரக் கைதிகளின் கதை. உலகம் அந்தப் படத்தைப் பார்த்து அழுதது. அதிகமாகச் செத்தவர்களை அது காட்டவில்லை.

பாலத்துக்குப் பக்கத்தில் மரங்களுக்கு நடுவே ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. பாதை போட்ட ஜப்பானிய ராணுவமே 1944 பிப்ரவரியில் எழுப்பியது. சுற்றிலும் பல மொழிகளில் இரங்கல் எழுதிய கற்கள். அவற்றில் தமிழும் இருக்கிறது. பாங்காக்கில் இறங்கியதிலிருந்து நான் பார்த்த முதல் தமிழ் எழுத்து அதுதான். மலேசிய ஆசிரியையம்மா கைப்பையிலிருந்து சூடம் எடுத்துக் கொளுத்தினார். செத்தவர்கள் எந்த மொழிக்காரர்கள் என்று கொன்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கல்லிலும் பெயர் இல்லை.

அண்மை ஆண்டுகளில் தாய்லாந்துத் தமிழர்கள் தமிழ்நாடு அரசின் நிதியுதவியோடு இங்கே ஒரு பௌத்த ஆலய வளாகத்தில் நடுகல் எழுப்பியிருக்கிறார்கள். மாடு மீட்டு மாண்டவனுக்கும் கல் நட்டு வணங்கிய இனம், எண்பது ஆண்டு கழித்தாவது இதைச் செய்ததே என்று அதன் முன் நின்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஹெல்ஃபயர் பாஸ். நாம் தோக்கைத் தாண்டிச் சாலையில் போக வேண்டும். தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள், பாதையின் தடம் மட்டும் இருக்கிறது. ஆஸ்திரேலிய அரசு அமைத்த அருங்காட்சியகத்திலிருந்து படி இறங்கி மூங்கில் காட்டுக்குள் நடந்தால் மலை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் ஆழம். பெரும்பாலும் கையாலேயே வெட்டியது. ஒருவர் உளிக்கம்பியைப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிக்க வேண்டும். அடித்து அடித்துத் துளை ஒரு மீட்டர் இறங்கியதும் வெடி வைத்து, சிதறிய கல்லைக் கூடையில் அள்ள வேண்டும். 1943 ஏப்ரலில் தொடங்கி மழைக்காலத்திலும், இராத்திரி தீப்பந்த வெளிச்சத்திலும் வேலை நடந்தது. அந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக அசைந்த உருவங்களைக் கண்டு ஹெல்ஃபயர், அதாவது நரக நெருப்பு, என்று கைதிகள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. கைதிகளோடு தமிழர்களையும் இங்கே இறக்கினார்கள்.

பாறைச் சுவரில் ஓரிடத்தில் உடைந்த உளிக்கம்பி ஒன்று துளைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு இருக்கிறது. கட்டைவிரல் கனம். துருவேறிக் கல்லோடு கல்லாக ஆகியிருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. எங்கள் ஊரில் கிணறு வெட்டும்போது பாறை தட்டினால் இதே கம்பி, இதே சம்மட்டிதான். அந்த வேலை நம் ஆட்களுக்குத் தெரியாத வேலையில்லை. ஊரில் கிணற்றில் தண்ணீர் வந்தால் பொங்கல் வைப்பார்கள். இங்கே வெட்டி முடித்தவனுக்கு அடுத்த பாறை காத்திருந்தது.

அக்டோபரின் மூன்று நாட்கள்

பாறை நிழலில் உட்கார்ந்து நோட்டில் குறித்து வைத்திருந்த தேதிகளைப் பார்த்தேன்.

1943 அக்டோபர் 17: பர்மாப் பக்கமிருந்து வந்த தண்டவாளமும் சயாம் பக்கமிருந்து போன தண்டவாளமும் கொன்கோய்தா என்ற இடத்தில் இணைந்தன.

அக்டோபர் 21: சிங்கப்பூரில் கத்தே தியேட்டரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அரங்கம் அதிர்ந்தது.

அக்டோபர் 25: பாதையின் திறப்பு விழா.

பதினொரு நாள் கழித்து, நவம்பர் 5, 6 தேதிகளில் டோக்கியோவில் மகா கிழக்காசிய மாநாடு. அதன் புகைப்படம் வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் ஏழு பேர் நிற்கிறார்கள். நடுவில் ராணுவ உடையில் தோஜோ. ஒரு பக்கம் பர்மாவின் பா மாவ், மஞ்சுகுவோவின் சாங் ஜிங்ஹுய், நான்கிங் அரசின் வாங் ஜிங்வெய். மறுபக்கம் தாய்லாந்தின் இளவரசர் வான், பிலிப்பைன்ஸின் லாரல், கடைசியில் நம் நேதாஜி. பிபூன் வரவில்லை, இளவரசரை அனுப்பியிருந்தார். நேதாஜி பார்வையாளராகத்தான் கலந்துகொண்டார். ஆசிய நாடுகளின் சுதந்திரத்தை மதிப்போம், இன வேற்றுமையை ஒழிப்போம் என்று மாநாடு கூட்டறிக்கை வெளியிட்டது. அந்தச் சுதந்திர ஆசியாவுக்காகப் பாதை போட்டுச் செத்த ஆசியர்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

நேதாஜியை நேசிக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டுக் கூடத்தில் காந்தி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் இருந்தது. மலாயாத் தமிழர்கள் அவர் கேட்டதும் தாலியைக் கழற்றிக் கொடுத்தவர்கள். இந்திய தேசிய ராணுவத்தில் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையின் தமிழ்ப் பெண்கள் 1944-ல் பர்மாப் போர்முனைக்குப் போனது இதே பாதையில்தான். அவர்கள் வீரத்தின் முன் தலை வணங்குகிறேன். இந்தப் பாதையை உத்தரவிட்டதும் நடத்தியதும் ஜப்பானிய ராணுவத் தலைமை. நேதாஜி கிழக்காசியாவுக்கு வந்து சேர்ந்தபோது பாதை வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் மனதை அறுக்கும் உண்மை ஒன்று இருக்கிறது. சொந்த நாட்டை விடுவிக்கப் புறப்பட்டவர், அந்த நாட்டுக் கூலிகளைக் காட்டில் புதைத்துக்கொண்டிருந்தவர்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டி வந்தது. பயத்தில் ஆளும் கூட்டணியில் நல்ல நோக்கத்தோடு சேர்பவருக்கும் அதே வரிசையில்தான் இடம் கிடைக்கும். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தால் சயாமுக்குப் பிடித்துப்போக மாட்டார்கள் என்று சேர்ந்தவர்களும் உண்டு என்பதை ஆசிரியையம்மா சொன்னார். அவருடைய பெரியப்பா அப்படிச் சேர்ந்து பிழைத்தவர்.

கடாரம் வழியாக

திரும்பும்போது விமானத்தில் நேராக வர மனம் ஒப்பவில்லை. தொழிலாளர்களைக் கொண்டுவந்த வழியிலேயே போனேன். பாங்காக்கிலிருந்து இரவு வண்டியில் தெற்கே, பாடாங் பெசாரில் எல்லை தாண்டி, மலேசிய மின்ரயிலில் அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி. நான் குளிர்சாதனப் பெட்டியில் வந்த தூரத்தை அவர்கள் அடைத்த சரக்கு வேகனில், நின்றபடி நான்கைந்து நாள் கடந்தார்கள். இந்தக் கெடாதான் கடாரம். செந்துறையிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கங்கைகொண்ட சோழபுரத்தில் இருந்து ஆண்ட ராஜேந்திர சோழன், 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பி வென்ற கடாரம். வென்றவனின் பட்டப்பெயரை நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். தொள்ளாயிரம் ஆண்டுக்குப் பின் அதே மண்ணின் பிள்ளைகள் அதே கடாரத்தின் வழியாகச் சரக்காக ஏற்றப்பட்டதை நான் படித்த எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள்தான் சொன்னார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இரண்டும் நம் ஊர் நூலகங்களில் இருக்க வேண்டிய நாவல்கள்.

தலைவர்கள் என்ன ஆனார்கள்? முசோலினியை 1945 ஏப்ரல் 28 அன்று சொந்த நாட்டுப் போராளிகளே சுட்டார்கள். இரண்டு நாளில் ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டார். தோஜோவை டோக்கியோ நீதிமன்றம் விசாரித்து 1948 டிசம்பர் 23 அன்று தூக்கிலிட்டது. இந்த ரயில்பாதைக்குப் போர்க் கைதிகளைப் பயன்படுத்தச் சொன்னது அவர் என்பதும், கைதிகள் சாகிறார்கள் என்று தெரிந்து 1943-ல் ஓர் அதிகாரியை அனுப்பிப் பார்க்கச் சொன்னார் என்பதும் தீர்ப்பில் இருக்கின்றன. அந்த அதிகாரி பார்த்து வந்ததன் பலனாக ஒரே ஒரு கம்பெனித் தளபதி மேல் விசாரணை நடந்தது. வேலை நிற்கவில்லை. பிபூனைப் போர்க்குற்றத்துக்காகப் பிடித்தார்கள், விட்டார்கள். 1948-ல் மறுபடி பிரதமரானார். 1957-ல் விரட்டப்பட்டு, 1964-ல் ஜப்பானில் செத்தார். பர்மாவில் ‘வியர்வைப் படை’ என்ற பெயரில் இதே பாதைக்கு ஆள் திரட்டிக் கொடுத்த பா மாவ் நினைவுக்குறிப்பு எழுதி, 1977 வரை வாழ்ந்தார்.

மருதையாற்றுப் பாலம்

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம். திருச்சியில் அரியலூர் வண்டி ஏறினேன். கல்லகம் தாண்டியதும் மருதையாறு வந்தது. கோடையில் மணல் மட்டும்தான்.

1956 நவம்பர் 23 விடிகாலை, பெருமழையில் இந்த ஆறு கரை புரண்டு ஓடியது. சென்னையிலிருந்து போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பாலத்தருகே கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டெல்லியிலிருந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, பொறுப்பு என்னுடையது என்று பதவியை விட்டு விலகினார். அவர் அந்தப் பாலத்தைக் கட்டவில்லை, வண்டியை ஓட்டவில்லை. அவருடைய இலாகாவில் மக்கள் செத்தார்கள், அவ்வளவுதான். பிரதமர் நேரு அவர் குற்றவாளி இல்லை என்று சொல்லிக்கொண்டே, நல்ல முன்மாதிரியாக இருக்கட்டும் என்று ராஜினாமாவை ஏற்றார். அரியலூர் விபத்து என்று நாடு முழுக்க இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை கடந்த பாலம். இந்த முறைதான் அதன் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது. ஒரு ரயில்பாதையில் 140 பேர் செத்ததற்கு ஓர் அமைச்சர் பதவி விலகினார், ஏனென்றால் கேட்பதற்கு நாடாளுமன்றமும் பத்திரிகையும் ஓட்டுப்போடும் மக்களும் இருந்தார்கள். இன்னொரு ரயில்பாதையில் பல்லாயிரக்கணக்கில் நம் ஆட்கள் செத்தபோது, குறித்த தேதியில் திறப்பு விழா நடந்தது. வலுவான தலைவர் வேண்டும், கேள்வி கேட்காமல் காரியம் முடிப்பவர் வேண்டும் என்று டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காரியம் முடியும். பாதையும் முடிந்தது. அதன் அடியில் கிடப்பது கேள்வி கேட்க முடியாதவன்தான்.

ஆயா திண்ணையில்தான் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பாத்தியா தம்பி?”

“இல்ல ஆயா. வெள்ளக்காரங்க பேருதான் எழுதியிருக்கு. நம்மாளுங்க பேரு ஒண்ணுகூட இல்ல.”

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒருத்தரும் எழுதலையா?” என்றார். பிறகு அப்பாவின் பெயரை, தாத்தாவின் பெயரை, ஏறிய கப்பல் துறையை, தோட்டம் இருந்த ஊரை, தன் அம்மா சொல்லக் கேட்டபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், குன்னம், பெரம்பலூர் பக்கத்து வீடுகளில் மலாயாவுக்குப் போய்த் திரும்பாத ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ இருக்கலாம். அவரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். இந்த வாரமே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெயர், ஊர், தோட்டம், கடைசிக் கடுதாசி வந்த வருடம். தெரிந்த அளவு போதும். எழுதி, ஊர் நூலகத்தில் ஒரு பிரதி கொடுங்கள்.